பிணத்துக்கு முன்னால் ஃபைலை எழுதுங்கள்: பெங்களூரில் ஒரு குற்றவியல் நிபுணரை வைத்துத் துப்பறியும் தொடர் எழுதுவது எப்படி

துப்பறியும் தொடர் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பிணத்தை எங்கே போடலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். ஊழலும் கொலையும் சேர்ந்த தொடர் என்றால் அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் ஓர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒரு ஃபைல், அந்த ஃபைல் நகர்ந்தால் யாருக்கு லாபம், நின்றால் யாருக்கு லாபம், கையெழுத்துப் போட வேண்டியவர் யார், போட மாட்டேன் என்றவர் யார். இவ்வளவும் தெரிந்துவிட்டால் யார் சாக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் எழுதுகிற நண்பர்களை மனதில் வைத்து இதைச் சொல்கிறேன். மும்பை, டெல்லிக்காரர்கள் சட்டப் பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அலுவலகங்களையும் நிலத்தின் கதையையும் மட்டும் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த வகைக் கதை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் செழிப்பாக வளர்ந்தது. ஏன் அங்கே என்று புரிந்துகொள்ளாமல் அப்படியே இங்கே நட்டால் பிடிக்காது. அங்கே கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிப், அதாவது அந்தப் பகுதியின் போலீஸ் தலைவர், தேர்தலில் ஜெயித்து வருகிறவர். ஒரு சாவு கொலையா விபத்தா என்று சொல்கிற கரோனரும் பல இடங்களில் தேர்தலில் வருகிறவர்தான், சில மாநிலங்களில் அவர் டாக்டராக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அரசு வழக்கறிஞர் பதவிக்கும் தேர்தல். தென் கரோலினாவின் ஒரு பகுதியில் அந்தப் பதவி 1920 முதல் 2006 வரை ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளிடம் இருந்தது. பிடிக்கிறவர், சாவுக்குக் காரணம் எழுதுகிறவர், வழக்கு போடுகிறவர் எல்லாரும் ஒரே ஊர் ஓட்டில் வாழ்கிறவர்கள் என்றால் உண்மை எங்கே போய் ஒதுங்கும்? 1964-ல் மிசிசிப்பியின் நெஷோபா கவுன்ட்டியில் மூன்று சிவில் உரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் காரை மறித்துச் சிறையில் வைத்தவர் துணை ஷெரிப், ராத்திரி வெளியே விட்ட பிறகுதான் கொலை. ஒரு மண் அணைக்குள்ளிருந்து உடல்களை எடுத்தார்கள். மாநில அரசு அப்போது கொலை வழக்கே போடவில்லை. மத்திய அரசு சதி வழக்கு போட்டு 1967-ல் ஏழு பேருக்குத் தண்டனை வாங்கியது, மாநில நீதிமன்றத்தில் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பு வர 2005 ஆனது. 41 வருஷம். ஒரு தொடருக்கு எவ்வளவு நீளமான காலம் தேவைப்படலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் இன்ஸ்பெக்டர் ஓட்டு கேட்டு வருவதில்லை. அவரை நகர்த்துவது டிரான்ஸ்பர். அதிகாரியைக் காப்பாற்றுவது அனுமதிக் கடிதம். 1988-ஆம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி அரசு ஊழியர் மீது நீதிமன்றம் வழக்கை ஏற்க, மேலிடத்து அனுமதி வேண்டும். 2018-ல் சேர்த்த 17ஏ பிரிவு, அலுவலகத்தில் அவர் எடுத்த முடிவு பற்றிய புகாரை விசாரிக்கத் தொடங்கவே முன் அனுமதி கேட்கிறது. ஆகவே நம் ஊர் வில்லன் துப்பாக்கியோடு வர வேண்டியதில்லை, ஒரு காகிதத்தைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலே போதும். அந்தச் சும்மா இருத்தலை வாசகர் பயப்படும்படி எழுதுவதுதான் இந்தத் தொடரின் முதல் சவால்.

யார் விசாரிக்கிறார்

குற்றவியல் நிபுணர் வேறு, தடயவியல் நிபுணர் வேறு. நிறையக் கையெழுத்துப் பிரதிகளில் இரண்டும் ஒருவராகிவிடுகிறது. தடயவியல்காரர் ரத்தம், தோட்டா, விஷம், கைரேகை பார்க்கிறவர். குற்றவியல் படித்தவர் குற்றம் எங்கே, எப்போது, யாருக்கு, ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று பார்க்கிறவர். ஒரே தாலுகாவில் சில வருஷங்களில் ஏரியில் விழுந்து செத்ததாக முடித்த கேஸ்களை வரைபடத்தில் வைத்து, எல்லாமே விற்பனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த சர்வே நம்பர்களுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்கிறவர் அவர்தான். ஊழல் கதைக்கு இந்தக் கண் மிகப் பொருத்தம், ஏனென்றால் ஊழல் ஒரு தடவை நடந்து முடிகிற விஷயம் கிடையாது. அது ஒரு பழக்கம், அதற்கு ஒரு வடிவம் இருக்கும்.

உங்கள் நாயகியைத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் படிக்க வையுங்கள், அங்கே குற்றவியல் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகமும் சரிதான். அப்புறம் பெங்களூரில் ஏதோ ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் யாரையும் கைது செய்ய முடியாது, வீட்டைச் சோதனை போட முடியாது, ஸ்டேஷனுக்குள் போய் ஃபைலைக் காட்டு என்று கேட்க முடியாது. இது குறை மாதிரித் தெரியும், ஆனால் கதைக்கு இதுதான் பலம். ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் அவர் ஒரு நியாயமான வழி கண்டுபிடிக்க வேண்டும், அந்த வழிகளை எழுதுவதிலேயே பாதி நாவல் ஓடிவிடும்.

வழிகள் இருக்கின்றன. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதற்குப் பிறகு, பாலியல் குற்றம் மாதிரி உணர்வுபூர்வமான கேஸ்கள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களைப் போலீஸ் இணையத்தில் போட வேண்டும். செத்தவரின் குடும்பத்துக்கு வக்கீல் இருப்பார், அந்த வக்கீல் வழியாகப் போஸ்ட்மார்ட்டம் அறிக்கை வரும். நீதிமன்றம் கூப்பிட்டால் நிபுணர் கருத்து சொல்லலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது, 30 நாளில் பதில் தர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். கர்நாடகத்தில் ஒரு விதி உண்டு: மனு ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும், 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். உங்கள் நாயகி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, அதிகாரி நழுவ முடியாதபடி அந்த 150 வார்த்தையைச் செதுக்குகிற காட்சியை எழுதிப் பாருங்கள். கார் துரத்தலைவிட வேகமாக இருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஃபைல்

பெங்களூரில் நிலத்தை விட்டு வேறு எங்கும் போகாதீர்கள், முதல் புத்தகத்துக்காவது. இந்த ஊரின் ஏரிகள் தனித்தனியானவை கிடையாது. மேட்டு ஏரி நிரம்பினால் ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் தர்மாம்புதி ஏரி இருந்த இடம். கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. பெல்லந்தூர் ஏரியில் 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்து எரிந்ததை நம்மில் பலர் டிவியில் பார்த்திருப்போம். 2007-ல் சுற்றியிருந்த சின்ன நகராட்சிகளையும் 110 கிராமங்களையும் சேர்த்துப் பெரிய மாநகராட்சி உண்டானபோது, கிராமக் கணக்கில் கரப் என்றும் கோமாளா என்றும் இருந்த புறம்போக்குகள், மேய்ச்சல் நிலங்கள், கால்வாய் ஓரங்கள் எல்லாம் ஒரே வீச்சில் நகரத்து விலைக்கு வந்தன. ஏ.டி. ராமசாமி தலைமையிலான சட்டமன்றக் கூட்டுக் குழுவும், பின்னால் வி. பாலசுப்ரமணியன் தலைமையிலான குழுவும் இந்த ஆக்கிரமிப்புகளை அறிக்கைகளாக எழுதி வைத்திருக்கின்றன. எழுதுவதற்கு முன் அவற்றைத் தேடிப் படித்துவிடுங்கள். ஆக்கிரமிப்பு எந்தக் கையெழுத்தில் தொடங்கி எந்தக் கையெழுத்தில் முடிகிறது என்று புரிந்தால் அத்தியாயங்கள் தானே விழும்.

காகிதங்களின் பெயரைச் சரியாகப் பயன்படுத்துங்கள். பஹணி (நில உரிமை, பயிர்ப் பதிவு), மியூட்டேஷன் (பெயர் மாற்றம்), தாய்ப்பத்திரம், ஈ.சி. (வில்லங்கச் சான்று), லேஅவுட் அனுமதி, ஏ காத்தா, பி காத்தா. காத்தா என்பது சொத்து வரிக்கான மாநகராட்சிப் பதிவு. பி காத்தா என்றால் அனுமதியில் கோளாறு உள்ள சொத்து, ஆனால் வரி மட்டும் வாங்கிக்கொள்வார்கள். ஸ்ரீராமபுரத்திலோ லிங்கராஜபுரத்திலோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு நகரத்துக்கு வெளியே ஒரு சைட் வாங்கின தமிழ்க் குடும்பத்துக்கு இந்தக் காகித வித்தியாசம் உயிர் பிரச்சினை. வாசகர்களில் பலர் அந்தக் குடும்பம்தான். ஆகவே தவறாக எழுதினால் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது சாக வேண்டியவர். ஏரி எல்லையை அளக்கும்போது சர்வேயருக்குச் சங்கிலி பிடித்துக்கொண்டு போனவர் என்று வைத்துக்கொள்வோம். கோலார் தங்கவயல்காரர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடின பிறகு மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூர் வந்து வேலை செய்கிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். எல்லைக்கல் முதலில் எங்கே இருந்தது, அப்புறம் எங்கே போனது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். படிக்காதவர், அதனால் யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை, ஒரு நாள் பொருட்படுத்த வேண்டி வந்துவிட்டது. இப்படி ஒருவர் செத்தால் வாசகர் கூடவே வருவார். பெரிய கான்ட்ராக்டர் செத்தால் அந்த அளவுக்கு வர மாட்டார்.

சாவு எப்படிப் பதிவாகிறது

இங்கேதான் நிறையப் பேர் சினிமாவை நம்பி வழுக்குகிறார்கள். ஏரியில் ஓர் உடல் மிதந்தால் உடனே கொலை வழக்கு வராது. கர்நாடகப் போலீஸ் யு.டி.ஆர். போடும், அதாவது இயற்கைக்கு மாறான சாவு என்று பதிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு இப்போது அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194. பஞ்ச் சாட்சிகளை வைத்து உடலைப் பார்த்து மகஜர் எழுதி, விக்டோரியா அல்லது பௌரிங் மாதிரி ஓர் அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு அனுப்புவார்கள். உள்ளுறுப்புகள் மடிவாளாவில் இருக்கிற மாநில தடயவியல் ஆய்வகத்துக்குப் போகும். கொலை என்று சந்தேகம் வந்தால்தான் 173-ஆவது பிரிவில் எஃப்.ஐ.ஆர். இந்த யு.டி.ஆரிலிருந்து எஃப்.ஐ.ஆருக்குப் போகிற இடைவெளி இருக்கிறதே, உங்கள் வில்லன் அங்கேதான் குடியிருக்கிறான். அவனுக்கு யாரையும் பொய் சொல்ல வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கேஸ் யு.டி.ஆராகவே முடிந்துவிட்டால் போதும்.

2024 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் நடந்த கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, அதற்குப் பின் நடந்ததற்கு அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 103. உங்கள் தொடரில் 2011-ல் நடந்த பழைய கொலை ஒன்று திரும்ப வந்தால் அது 302-தான். பேச்சில் எல்லாரும் இன்னும் 302 என்றுதான் சொல்வார்கள், வசனத்தில் அதை மாற்ற வேண்டாம். புதிய சட்டத்தில் கதைக்கு உதவுகிற வேறு இரண்டு விஷயங்கள் உண்டு. ஏழு வருஷம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் இடத்துக்கு வந்து பார்க்க வேண்டும், மாநிலங்கள் இதைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவரலாம். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் வீடியோ இல்லை என்பதே இப்போது ஒரு துப்பு.

தமிழர்களை வைத்து எழுதுவதால் ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள். செத்தவரின் மனைவி தமிழில் அழுதுகொண்டே சொல்வார், ஸ்டேஷனில் புகார் கன்னடத்தில் எழுதப்படும், அவர் கைநாட்டு வைப்பார் அல்லது தமிழில் கையெழுத்துப் போடுவார். எழுதினதை வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு பிரதி இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர் சொன்னதில் முந்தைய நாள் சாயங்காலம் காரில் வந்து வாசலில் நின்ற இரண்டு பேர் இருந்தார்கள், எழுதினதில் இல்லை. பத்து நாள் கழித்து உங்கள் நாயகி அந்தப் பிரதியை மனைவிக்கு வரி வரியாகப் படித்துக் காட்டுகிறார். இந்த ஒரு காட்சிக்காகவே பெங்களூரில் கதை நடக்கலாம்.

ஆனால் கன்னடர் எல்லாம் கெட்டவர், தமிழர் எல்லாம் பாவம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். காவிரிப் பிரச்சினையில் கலவரம் நடந்த 1991 டிசம்பரும் 2016 செப்டம்பரும் இந்த ஊர்த் தமிழர் மனதில் இருக்கிறது, அந்தப் பயம் கதையில் வரட்டும், வரத்தான் வேண்டும். அதே சமயம் அந்த ஏரியைக் காப்பாற்ற வருஷக்கணக்கில் அலைகிற கன்னட ஆசிரியர் ஒருவரும் வரட்டும், சொந்த ஜனத்திடமே சீட்டுப் பணமும் சைட் பணமும் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிற தமிழ்ப் புரோக்கரும் வரட்டும். அல்சூரிலோ மர்பி டவுனிலோ அரை மணி நேரம் நின்று கேட்டால் தெரியும், ஒரே வாக்கியத்தில் இரண்டு பாஷையும் கலந்துதான் ஜனங்கள் பேசுகிறார்கள். வசனம் அப்படியே இருக்கட்டும்.

உடல் சொல்வது

ஏரிக் கதை என்றால் டயாட்டம் சோதனையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். டயாட்டம் என்பது தண்ணீரில் வாழ்கிற நுண்பாசி, அதற்குக் கண்ணாடி மாதிரி ஒரு கடினமான ஓடு உண்டு. உயிரோடு தண்ணீரில் விழுந்தவர் மூச்சிழுக்கும்போது அது நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும், ஏனென்றால் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது. செத்த பிறகு தூக்கிப் போட்ட உடலில் மஜ்ஜை வரை போவது அரிது. ஒவ்வொரு நீர்நிலையிலும் எந்தெந்த வகைப் பாசி இருக்கிறது என்பதும் வேறுபடும். ஆகவே மஜ்ஜையில் இருந்தது உடல் கிடைத்த கீழ் ஏரியின் பாசி இல்லை, மேல் ஏரியின் பாசி என்று வந்தால், அவர் வேறு இடத்தில் மூழ்கியிருக்கிறார். ராஜகாலுவே தண்ணீர் உடலை இழுத்து வந்ததா, யாராவது கொண்டுவந்து போட்டார்களா? இப்போது நாயகிக்கு வரைபடம் வேண்டும், மழை எந்த ராத்திரி பெய்தது என்று வேண்டும், கால்வாயை அடைத்துக்கொண்டு நிற்கிற அபார்ட்மென்ட் எது என்று வேண்டும். கால்வாய் அடைபட்டிருந்தால் உடல் தண்ணீரில் வந்திருக்கவே முடியாது. ஆக்கிரமிப்பே கொலைக்குச் சாட்சியாகிவிடுகிறது, பாருங்கள்.

அதே சூட்டில் எதிர் வக்கீலையும் எழுதிவிடுங்கள். டயாட்டம் சோதனையை எல்லா நிபுணர்களும் முழுசாக நம்புவதில்லை. குடிக்கிற தண்ணீர், சாப்பாடு வழியாகவும் அது உடலுக்குள் வரலாம், ஆய்வகத்துக் குழாய்த் தண்ணீரிலிருந்தும் ஒட்டிக்கொள்ளலாம். அந்தக் குறுக்கு விசாரணையில் உங்கள் நாயகியின் பக்கம் தோற்றாலும் பரவாயில்லை.

செத்த நேரம் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி 10.20-க்கு இறந்தார் என்று எந்த நல்ல டாக்டரும் சொல்ல மாட்டார். விறைப்பு வர 12 மணி, இருக்க 12 மணி, விலக 12 மணி என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள், வெயிலில் இது சீக்கிரம் நடக்கும், குளிர்ந்த தண்ணீரில் தாமதமாகும். டாக்டர் ஓர் இடைவெளியைச் சொல்லட்டும், அதைச் சுருக்குகிற வேலை நாயகியுடையது.

லஞ்சப் பொறியையும் எங்காவது வையுங்கள். நோட்டில் பினாப்தலீன் பொடி தடவியிருப்பார்கள், வாங்கின கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். பார்க்கச் சின்ன விஷயம்தான், ஆனால் பயந்துபோன ஒரு குமாஸ்தாவின் கை நிறம் மாறுவதை எழுதினால் வாசகர் மறக்க மாட்டார். அவரை மாட்டிவிட்டது யார் என்பது இரண்டாம் புத்தகத்துக்கு ஆகும்.

தொடரை எப்படி நீட்டுவது

ஒவ்வொரு புத்தகத்திலும் கொலைக்கு விடை கிடைக்க வேண்டும். வாசகருக்கு அந்தக் கடன் உண்டு. ஊழலுக்கு முழு விடை கொடுக்க வேண்டாம், ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு மேஜை மேலே போனால் போதும். முதல் புத்தகத்தில் சர்வேயர், அடுத்ததில் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் செத்தவர் பெயரில் பதிவான பவர் பத்திரம், மூன்றாவதில் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரே சைட்டை இரண்டு பேருக்கு ஒதுக்கினது, அப்புறம் தாசில்தாருக்கு மேலே. கூட்டுறவுத் தணிக்கை அதிகாரி எஸ்.பி. மகாந்தேஷ் 2012 மே மாதம் பெங்களூரில் தாக்கப்பட்டு இறந்தார், வீட்டுவசதிச் சங்கங்களைத் தணிக்கை செய்தவர் அவர். இம்மாதிரி உண்மைகள் இந்த வகைக் கதைக்குப் பின்னால் இருக்கின்றன, அதனால் பொறுப்போடு எழுதுங்கள். உண்மையாகச் செத்தவரின் குடும்பம் அடையாளம் கண்டு வருந்தும்படி விவரங்களை எடுத்துப் போடாதீர்கள். உயிரோடிருக்கும் அதிகாரியையோ அரசியல்வாதியையோ பெயர் மாற்றி மட்டும் வைத்தால் அவதூறு வழக்கு வரும். அதைவிட, கதையும் பலவீனமாகிவிடும்.

காலத்தை வைத்தே கதையை நெருக்கலாம். கொலை வழக்கில் கைதானவரைக் காவலில் வைத்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் அவர் கேட்டால் ஜாமீன் தந்தே ஆக வேண்டும். ஆய்வக அறிக்கை வரவில்லை, விசாரணை அதிகாரி (ஐ.ஓ.) மாறிவிட்டார், 84-ஆவது நாள். அல்லது பெரிய காலத்தை எடுங்கள்: ஊழல் புகார்களை விசாரிக்கிற லோகாயுக்தா அமைப்புக்கான கர்நாடகச் சட்டம் 1984-ல் வந்தது, 2011 ஜூலையில் அப்போது லோகாயுக்தாவாக இருந்த சந்தோஷ் ஹெக்டேயின் பெல்லாரி சுரங்க அறிக்கைக்குப் பிறகு முதலமைச்சர் பதவி விலக வேண்டி வந்தது, 2016-ல் ஊழல் விசாரணை ஏ.சி.பி. என்ற புதிய அமைப்புக்குப் போனது, 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ஏ.சி.பி.யை ரத்து செய்து அதிகாரத்தை லோகாயுக்தா போலீசுக்கே திருப்பித் தந்தது. பத்து வருஷம் ஓடுகிற உங்கள் கதையின் ஃபைல் இத்தனை கட்டடங்களுக்கும் மூட்டையாகப் போய் வந்திருக்கும். எந்த இடமாற்றத்தில் ஒரு பக்கம் குறைந்தது என்பதை மட்டும் வைத்தே ஒரு புத்தகம் எழுதலாம்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் யார் எந்தத் தேதியில் எந்தப் பதவியில் இருந்தார், யாருக்கு எது எப்போது தெரிந்தது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாம் புத்தகத்தில் உங்கள் தாசில்தாருக்கு, முதல் புத்தகத்தில் அவர் பயிற்சியில் இருந்த காலத்துச் சங்கதி தெரிந்திருக்கக் கூடாது.

கடைசியாக ஆராய்ச்சி. நம் நீதிமன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. கெம்பே கௌடா ரோட்டுப் பக்கம் இருக்கிற சிட்டி சிவில் கோர்ட் வளாகத்துக்குப் போய், செஷன்ஸ் வழக்கு நடக்கிற அறையில் பின் பெஞ்சில் உட்காருங்கள், போனை அணைத்து வையுங்கள், சாட்சிக் கூண்டில் மனிதர்கள் எப்படித் தடுமாறுகிறார்கள் என்று கேளுங்கள். வீட்டில் இ-கோர்ட்ஸ் தளத்திலிருந்து தீர்ப்புகளை இறக்கிப் படியுங்கள். தண்டனை கொடுத்த தீர்ப்புகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விடுதலை செய்த தீர்ப்புகளை எடுங்கள். பல்டியடித்த பஞ்ச் சாட்சி, முத்திரை உடைந்திருந்த பார்சல், தாமதமாகப் போன எஃப்.ஐ.ஆர்., எங்கே என்ன விட்டுப்போனது என்று நீதிபதி பத்தி பத்தியாக எழுதியிருப்பார். அதில் எந்த ஓட்டை தெரியாமல் விழுந்தது, எந்த ஓட்டையைக் காசு வாங்கிக்கொண்டு போட்டார்கள் என்று நீங்களே ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள், குறித்து முடித்ததும் முதல் அத்தியாயத்தை ஆரம்பியுங்கள்.